சிபாரிசு தேவைப்படாத வார்டு

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டி ஹாம்ப்ஷயர் சாலையில் ஒரு பழைய கட்டடத் தொகுதி நிற்கிறது. இப்போது அது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் காப்பிப் பொட்டலத்தோடு ஊழியர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். 1966-ஆம் ஆண்டில் இதே வளாகத்தில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். ஒரே பிரசவ மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை குழந்தைகள் வேறெங்கும் பிறந்ததில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்பது முழுப்பெயர். எருமைத் தொழுவங்கள் இருந்த வட்டாரத்தின் பெயர்தான் அது. ஊர்க்காரர்களுக்கு எப்போதும் ‘கேகே’. 1924-ல் மகப்பேற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட அந்த மருத்துவமனை 1997-ல் அருகிலேயே புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான பெஞ்சமின் ஷியர்ஸ் இங்கே மகப்பேறு மருத்துவராக இருந்தவர்.

சிங்கப்பூர் போய்வருகிறவர்கள் முஸ்தபா கடையில் கோடாலித் தைலமும் சாக்லெட்டும் வாங்கிக்கொண்டு, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன். என் நண்பனின் அக்கா விடவில்லை. அரசாங்க மருத்துவமனைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூர்த் தமிழில் நர்ஸுக்குத் தாதி என்று பெயர். பழைய தலைமுறை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும். “கோயிலைக் காட்டவா உங்களைக் கூட்டிட்டு வந்தேன்? நான் பிறந்த இடத்தைப் பாருங்க தம்பி” என்று முதலில் அழைத்துப் போனது இந்தப் போக்குவரத்து ஆபீசுக்கு.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவரைப் பெற்றபோது அவருடைய அம்மாவுக்கு முழுக் கட்டில்கூடக் கிடைக்கவில்லையாம். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார்கள், நடைவழியில் தள்ளுகட்டில்கள். கட்டடத்தை ஒரே நாளில் பெரிதாக்க முடியாது. அதனால் ஐம்பதுகளிலேயே மருத்துவச்சிகள் வெளியே கிளம்பியிருக்கிறார்கள். சிக்கலில்லாத பிரசவங்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, மருத்துவமனையில் பெற்றவர்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, பின்னாலேயே போய்த் தொப்புள்கொடியைச் சுத்தம் செய்து தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து வருவது. “எங்கம்மாவைப் பார்க்க வந்த மிஸ்ஸி சீனத்தி. எங்கம்மாவுக்குச் சீனம் தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் மலாய்ல பேசிக்கிட்டாங்களாம், அதுவும் அரைகுறை மலாய்.”

வீராசாமி சாலை வழியாக நடந்தோம். அந்தப் பெயர்கூட அந்தக் காலத்துத் தமிழ் மருத்துவர் ஒருவருடையது. எதிரே நகைக்கடையில் தங்கம் கிராம் விலையை எழுதிக்கொண்டிருந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிராங்கூன் சாலைக் கோடியில், பாலஸ்டியர் சாலை சேரும் இடத்தில்தான் இருந்தது. டான் டோக் செங் மலாக்காவிலிருந்து வந்து காய்கறியும் கோழியும் விற்றுப் பெரும் வணிகரானவர். ஏழைகளுக்கென்று அவர் கொடுத்த பணத்தில் 1844-ல் அடிக்கல் நாட்டிய மருத்துவமனை, இரண்டு முறை இடம்பெயர்ந்து இப்போது நொவீனா பக்கம் நிற்கிறது.

நான் போன விஷயம் வேறு. மருத்துவமனையில் கடைசி வரிசையில் நிற்பவர்கள், அதாவது தாதிகள், வார்டு உதவியாளர்கள், தோட்டக்காரர்கள், சமையலறைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தங்கள் இடத்தைத் தாங்களே சரிசெய்துகொண்ட கதைகள் சிங்கப்பூரில் நிறைய இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். நம்ப முடியவில்லை. எச்சில் துப்பினால் அபராதம் போடுகிற அரசாங்கம். சூயிங்கம் விற்கவே தடை போட்ட நாடு. அங்கே கீழிருந்து மேலே ஒரு யோசனை போகுமா?

போகும் என்பது மட்டுமில்லை, போக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவே போட்டிருக்கிறார்கள். இதுதான் என்னை மலைக்க வைத்தது. 1981-ல் சிங்கப்பூர் அரசுப் பணியில் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் தொடங்கப்பட்டன. ‘விட்ஸ்’ என்று சொல்வார்கள். ஜப்பானில் கவோரு இஷிகாவா அறுபதுகளில் வளர்த்தெடுத்த தரக்கட்டுப்பாட்டு வட்டங்களின் நகல் அது. ஒரே இடத்தில் வேலை பார்க்கும் சிலர் கூடி உட்கார்ந்து, தங்கள் வேலையில் உறுத்துகிற ஒன்றை எடுத்து, காரணம் தேடி, மாற்றிப் பார்த்து, பலித்ததா என்று எண்ணிப் பார்ப்பது. 1995-ல் அதையெல்லாம் பொதுச் சேவைச் சீர்திருத்தம் என்ற பெரிய குடைக்குள் கொண்டுவந்தார்கள். மக்களை உற்சாகப்படுத்த ‘டீமி’ என்று ஒரு தேனீச் சின்னம்கூட எண்பதுகளில் இருந்தது. சுவரொட்டியில் சிரித்துக்கொண்டே உழைக்கும் தேனீ.

“சிரிச்சுக்கிட்டே உழைக்கிறது தேனீ மட்டும்தான்” என்றார் அக்கா. பஃபலோ ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். “வருஷத்துக்கு இத்தனை யோசனை எழுதிக் கொடுக்கணும்னு கணக்கு. நோட்டீஸ் போர்டை இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு மாத்தலாம்னு ஒருத்தி எழுதிக் கொடுத்தா. அடுத்த வருஷம் பழைய இடத்துக்கே மாத்தலாம்னு இன்னொருத்தி எழுதினா. ரெண்டுக்கும் ரெண்டு வெள்ளி வவுச்சர்.” எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அதே குழுக்களிலிருந்துதான் அவர் வாழ்நாளில் பெருமைப்படும் ஒரு காரியமும் வந்தது. முதியோர் வார்டு. இரவில் பாட்டிமார் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் பலர் எழுவதே இல்லை. ஒவ்வொரு முறை விழும்போதும் விசாரணை நடக்கும், அந்த ஷிப்டில் இருந்த தாதிக்குத் திட்டு விழும், கட்டிலின் கம்பியை ஏற்றி வையுங்கள் என்று சுற்றறிக்கை வரும். கம்பியை ஏற்றி வைத்தால் பாட்டிகள் கம்பியின் மேலேறி இறங்குவார்கள். விழும் உயரம் கூடியதுதான் மிச்சம்.

விட்ஸ் குழுவில் ஐந்து பேர், அதில் ஒருவர் மலாய்க்காரத் துப்புரவுப் பணியாளர். பழைய விபத்துப் பதிவேடுகளை எடுத்து, யார் விழுந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்று மட்டும் கட்டம் போட்டு எழுதினார்களாம். விடிகாலை 4 மணியிலிருந்து 6 வரைக்கும் கட்டம் கறுத்துப் போயிருந்தது. துப்புரவு அம்மாள்தான் சொல்லியிருக்கிறார்: அந்த நேரத்தில்தான் எல்லாருக்கும் கழிவறை போகணும், அந்த நேரத்தில்தான் தாதிகள் இரத்தம் எடுக்கவும் அறிக்கை எழுதவும் போய்விடுகிறீர்கள், மணி அடித்தால் யாரும் வருவதில்லை, அதனால் தானே இறங்குகிறார்கள். படித்தவர்கள் மீன்முள் மாதிரிப் படம் வரைந்து காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, காரணம் கையில் துடைப்பத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

செய்த மாற்றம் சின்னது. மணி அடிக்கும் வரை காத்திராமல், நான்கு மணிக்கு ஒருவர் கட்டில் கட்டிலாகப் போய், “பாட்டி, பாத்ரூம் போகணுமா?” என்று கேட்பது. தமிழில், மலாயில், ஹொக்கியனில், காண்டனீஸில். கேட்பதற்கான வரிகளை ஒரு அட்டையில் எழுதி எல்லாரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். இரத்தம் எடுக்கும் நேரத்தைத் தள்ளி வைத்தார்கள். “விழுறது நின்னு போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். குறைஞ்சுது. எனக்கு ஹொக்கியன் வந்தது அப்பத்தான்.”

மறுநாள் தனியாக யீஷூனுக்குக் கிளம்பினேன். லிட்டில் இந்தியாவில் ஏறி நியூட்டனில் மாறினால் வடக்கு நோக்கிப் போகும் சிவப்புத் தடம். அடுத்த நிறுத்தம் நொவீனா. 2003-ல் சார்ஸ் வந்தபோது அந்த நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது அங்கிருக்கும் டான் டோக் செங் மருத்துவமனை. சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் வந்து 33 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் மருத்துவமனை ஊழியர்கள். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் காய்ச்சலைத் தாங்களே அளந்து எழுதும் பழக்கம் அப்போது உயிர்காக்கும் காரியமாக இருந்தது. பிறகு ரயில் சுரங்கத்தைவிட்டு மேலே ஏறி, அடுக்குமாடிகளின் ஜன்னல் உயரத்தில் ஓடுகிறது. வெளியே நீட்டிய மூங்கில் கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

யீஷூன் பெரிய குளத்தை ஒட்டிய பேட்டை. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுச் செல்வந்தரான லிம் நீ சூன் பெயரில் ஏற்பட்ட ஊர். குளக்கரையில் நடந்து போனபோது மருத்துவமனையின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மதிலும் இல்லை, வாயிற்காப்போனும் இல்லை. பாக்கு மரங்களும் ஹெலிகோனியாவும் அடர்ந்த வழியில் நடந்துகொண்டே இருந்தேன். அருவி ஒன்றின் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் கூ டெக் புவாட் மருத்துவமனையின் நடுமுற்றத்தில் நிற்கிறேன். மாடி மாடியாகப் பால்கனிகளிலிருந்து கொடிகள் தொங்குகின்றன. சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, காலில் சொட்டுமருந்துக் குழாயோடு, அருவியில் மீன்களுக்குப் பிஸ்கட் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பணிப்பெண் அவரைத் தடுக்கவில்லை, பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். டெட்டால் வாசனை இல்லை, மழை பெய்த மண் வாசனை.

2010-ல் திறந்த மருத்துவமனை இது. வங்கியாளர் கூ டெக் புவாட்டின் குடும்பம் 125 மில்லியன் வெள்ளி கொடுத்ததால் அவர் பெயர். ஆனால் இதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. தீவின் தென்பகுதியில் அலெக்சாண்ட்ரா மருத்துவமனை என்று ஒன்று. ஆங்கிலேயர் ராணுவத்துக்குக் கட்டியது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை உள்ளே புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்று குவித்த இடம். 1971-ல் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. தொண்ணூறுகளின் முடிவில் அது பழைய ஓட்டுக்கட்டடங்களோடு யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத அரசு மருத்துவமனை. 2000-ஆம் ஆண்டில் அதற்குத் தலைமை நிர்வாகியாக வந்தவர் லியாக் டெங் லிட். படித்தது மருந்தாளுநர் படிப்பு.

அவர் ஊழியர்கள் முன் வைத்த அளவுகோல் ஒன்றுதான். தங்கள் பெற்ற அம்மாவை, யாரிடமும் முன்கூட்டிச் சொல்லி ஏற்பாடு செய்யாமல், இந்த வார்டில் சேர்க்க அவர்களுக்கு மனம் வருமா? இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். நம் ஊரில் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் தேடுவது டாக்டரை இல்லை. அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவரை. மருத்துவமனை ஊழியரே தன் அம்மாவைக் கொண்டுவந்தாலும், “நம்ம அம்மா, கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் சேர்ப்பார். அந்த ஒரு வார்த்தை தேவைப்படாத வார்டு என்று எதைச் சொல்ல முடியும்? தரச்சான்றிதழ்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்தால் எத்தனை மருத்துவமனைகள் தேறும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பதை நிபுணர் வந்து சொல்ல வேண்டியதில்லை; துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும்.

கார் செய்கிற டொயோட்டாவின் வேலை முறையை அலெக்சாண்ட்ராவில் கொண்டுவந்தார்கள். நோயாளி ஒருவர் வாசலில் நுழைந்ததிலிருந்து மருந்து வாங்கி வெளியேறும் வரை எத்தனை இடத்தில் நிற்கிறார், எத்தனை முறை பெயரைச் சொல்கிறார் என்று பின்னாலேயே நடந்து குறிப்பெடுப்பது. அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனைத் தலைவர்களும் 2002-ல் ஜப்பானுக்குப் போய் இதையே கற்றுவந்தார்கள். தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து ஓடும் வரிசையை நிறுத்தலாம் என்பது டொயோட்டா வழக்கம். வர்ஜீனியா மேசன் மருத்துவமனையிலும் ஆபத்து என்று தோன்றினால் எந்த ஊழியரும் நிறுத்தலாம் என்று வைத்துக்கொண்டார்கள். சுகாதார அமைச்சின் நோயாளி திருப்திக் கணக்கெடுப்பில் பளபளப்பான புதிய மருத்துவமனைகளைத் தாண்டி அலெக்சாண்ட்ராவின் அந்தப் பழைய ஓட்டுக்கட்டடம் பல ஆண்டுகள் முதலிடம் வாங்கியது.

எனக்குப் பிடித்தது டொயோட்டா கதை இல்லை, வண்ணத்துப்பூச்சிக் கதை. காசு இல்லாத மருத்துவமனை. ஆனால் சுற்றிலும் புதர் மண்டிய நிலம் இருந்தது. ரோசலிண்ட் டான் என்ற ஊழியர் தலைமையில் ஊழியர்களும் தொண்டர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி எது, தேன் குடிக்கும் செடி எது என்று தேடித்தேடி நட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் அங்கே பதிவாயின. சிங்கப்பூர் வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கையேடு எழுதிய கியூ சின் கூன் இந்த வட்டாரத்தில் பெரிய பெயர். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர். யீஷூனில் புதிய மருத்துவமனையை வடிவமைக்கும் வேலை போனது அவர் இருந்த சிபிஜி நிறுவனத்துக்குத்தான். ஊழியர்கள் அலெக்சாண்ட்ராவிலிருந்து கூட்டமாக இடம்பெயர்ந்து வந்தார்கள். கூடவே தோட்டமும் வந்தது. உள்ளே நுழைந்ததும் வருகிறவரின் இரத்த அழுத்தம் இறங்க வேண்டும் என்பது கட்டடக் கலைஞர்களுக்கு லியாக் சொன்ன நிபந்தனை. 1984-லேயே ரோஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறார். அதனால் இதை வெறும் அழகு சமாச்சாரம் என்று ஒதுக்குவதற்கில்லை.

கவனித்த இன்னொன்று: ஏசி இல்லாத வார்டுகள், அதாவது அரசு மானியம் அதிகம் கிடைக்கும் வகுப்பினர் படுக்கும் வார்டுகள், குளத்துக் காற்று உள்ளே வரும்படி சுவருக்கு வெளியே செங்குத்தான பலகைகள் நிறுத்திக் கட்டப்பட்டிருக்கின்றன. காசு குறைவாகக் கொடுப்பவருக்குக் காற்று குறைவாக இருக்க வேண்டியதில்லை.

மேல்தளத்து நடைவழியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம். வாழை, பப்பாளி, கத்தரி, கங்கோங் கீரைப் பாத்திகள். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் குடியேறியபோது நிலத்தை இழந்த பழைய கம்பத்து, அதாவது கிராமத்து, விவசாயிகளும் இந்தத் தோட்டத்தில் தொண்டர்களாக வேலை செய்கிறார்கள். விளைவதில் ஒரு பங்கு மருத்துவமனைச் சமையலறைக்குப் போகிறது, ஒரு பங்கு விற்பனைக்கு. காய்கறி விற்று மருத்துவமனை கட்டியவர் ஒருவர் இருந்த ஊரில் மருத்துவமனைக் கூரையிலேயே காய்கறி.

இதே இடத்திலிருந்து 2014-ல் கிளம்பியது ‘ஷேர் எ பாட்’. முதியோர் மருத்துவர் வோங் ஸ்வீட் ஃபன் தொடங்கிவைத்தார். தனியாக வாழும் கிழவர்கள் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்துவிடுவார்கள், தசை கரையும், நடை தளரும், விழுவார்கள், மருத்துவமனைக்கு வருவார்கள். சரியாக்கி அனுப்பினால் மூன்று மாதத்தில் மறுபடி வருவார்கள். மருந்துச் சீட்டில் தீராத இந்தச் சுழலுக்கு அவர்கள் கண்ட வழி, பேட்டையில் ஒரு பானை சூப் வைப்பது. வந்து கொஞ்சம் உடற்பயிற்சி செய்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சூப் குடிக்கலாம். நடை வேகத்தையும் பிடிப்பின் வலுவையும் அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். சூப் வைப்பதற்கு எந்த மருத்துவக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

நம் ஊரில் இப்படி யோசிப்பவர்கள் இல்லையா? நிறைய இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒரு செவிலியர், கர்ப்பிணிகளின் அட்டையின் பின்பக்கத்தில் அவரவர் ஊருக்குக் கடைசி பஸ் நேரத்தைப் பென்சிலால் குறித்துவைப்பார். பஸ் சீக்கிரம் போகிற ஊர்க்காரிகளை முதலில் டாக்டரிடம் அனுப்புவார். அதுவரை இரத்தப் பரிசோதனைக்கு நிற்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் அவருக்கு இடமாற்றம் வந்தது. பென்சில் குறிப்பும் அவரோடு போய்விட்டது. டோக்கன் வரிசைதான் நியாயம் என்று புதிதாக வந்தவர் சொல்லிவிட்டார்.

2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது, மாத்திரையை யார் வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள், யார் விழுங்குகிறார்கள் என்பது, எந்தக் கணினிக்கும் தெரியாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, பிரசவ அறையில் வேலை பார்ப்பவர்களே சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து எண்ணிப் பார்க்கும் முறை ஒன்றைக் கையேடாகவே போட்டிருக்கிறார்கள். யோசனைக்குப் பஞ்சமில்லை, கையேட்டுக்கும் பஞ்சமில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிற செவிலியரிடம் போய் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசி என்று சொல்ல நமக்கு வாய் வராது. சிங்கப்பூரின் அந்தத் தேனீச் சின்னத்தையும் வவுச்சர்களையும் கேலி செய்யலாம். வேலை நேரத்துக்குள் உட்கார்ந்து யோசிப்பதும் வேலைதான் என்று அந்த அரசாங்கம் ஒத்துக்கொண்டதைக் கேலி செய்ய முடியவில்லை. நூறு யோசனைக்குத் தொண்ணூறு நோட்டீஸ் போர்டை இடம் மாற்றுவதாகவே இருக்கட்டும். விடிகாலை நான்கு மணிக் கட்டம் மிச்சமிருந்த பத்துக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவோடு மறுபடி தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ஞாயிறு என்றால் சிராங்கூன் சாலையில் நடக்க இடமிருக்காது. மன்னார்குடியும் அறந்தாங்கியும் புதுக்கோட்டையும் அங்கே இறங்கி நிற்கின்றன, வங்காளதேசமும்தான். 2020-ல் கொரோனா பரவியபோது இந்தத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தங்குவிடுதிகளில் இருந்த 3,23,000 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்து போனதை அந்த ஆண்டு முடிவில் அரசே அறிவித்தது. ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர் படுத்தால் வேறென்ன ஆகும். இந்த நாட்டின் ஒழுங்கைப் பாராட்டுகிற கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பொது மருத்துவமனைகளிலிருந்து குழுக்கள் விடுதிகளுக்குப் போயின. மொழி தெரியவில்லை. மருத்துவப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த சுதேஷ்ணா ராய் சௌத்ரி என்ற பெண், வங்காள மொழி தெரிந்தவர், நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த மொழியில் எழுதியும் ஒலியாகவும் ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றினார். எந்த அமைச்சும் கேட்டுச் செய்ததில்லை. பிறகு தொண்டர்கள் சேர்ந்து மற்ற மொழிகளையும் சேர்த்தார்கள். டாம் வாய் ஜியா என்ற மருத்துவரும் தொழிலாளர்களுக்காகப் படமும் குரல்செய்தியுமாகத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றிருந்த அக்காவும் தொண்டர் படையில் பெயர் கொடுத்து ஒரு விடுதிக்குப் போயிருக்கிறார். கையில் கேள்வித்தாள். காய்ச்சல் எப்போதிலிருந்து, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா. தமிழில்தான் கேட்டார், ஆனாலும் எல்லாரும் ஒன்றுமில்லை என்றே சொன்னார்களாம். நெற்றி கொதிக்கிறது, வாய் ஒன்றுமில்லை என்கிறது.

“மூணாவது நாள் ஒரு பையன், நம்ம தஞ்சாவூர்ப் பக்கம், மெதுவாக் கேட்டான், ‘அக்கா, உடம்பு சரியில்லைன்னு சொன்னா சம்பளம் பிடிப்பாங்களா, ஊருக்கு அனுப்பிடுவாங்களா’ன்னு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தனிமைப்படுத்துற நாளுக்குச் சம்பளம் கொடுக்கணும்னு அரசாங்கம் சொல்லியாச்சு, ஆனா அது இவங்க காதுக்கு வரலை. கேள்வித்தாள்ல முதல் வரியா அதைப் போட்டேன். ‘தம்பி, சம்பளம் பிடிக்க மாட்டாங்க. இப்ப சொல்லு, எத்தனை நாளாக் காய்ச்சல்?’”

“அப்புறம்?”

“அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. சாயங்காலமே மத்த குழுக்காரங்க வந்து பார்த்து எழுதிக்கிட்டுப் போனாங்க. வங்காளில, தெலுங்குல எல்லாம் அதுதான் முதல் வரி ஆச்சு.”

அதற்கு ஏதாவது பாராட்டு, சான்றிதழ் வந்ததா என்று கேட்டேன். தட்டில் மிச்சமிருந்த வடையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார்.

“யார் யோசனைன்னு யாருக்குத் தெரியும்? ஃபாரம் எதுவும் நிரப்பலையே தம்பி. நிரப்பச் சொல்லியிருந்தா அன்னைக்கு அடுத்த ரூமுக்குப் போயிருக்க முடியாது.”